கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்களேன்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் கீரப்பாளையத்தில் எல்லோருக்கும் வீராணம் ஏரியில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது, வெள்ளாற்றில் எவ்வளவு திறக்கிறார்கள் என்ற கவலை. எனக்கு அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. காருக்குள் தண்ணீர். முன்பக்கம் இடது சீட்டில் உட்காருகிறவர் செருப்பைக் கழற்றிக் காலை வைத்தால் சொதசொதவென்று இருக்கும். மேட்டை எடுத்து வெயிலில் போட்டாலும் நாற்றம் போகாது. கார்ப்பெட்டுக்கு அடியில் தடியாக ஒரு மெத்தை ஒட்டியிருக்கிறது. அது குடித்த தண்ணீரை வாரக்கணக்கில் விடாது. மேலே காய்ந்திருக்கும், அடியில் பூஞ்சை பூத்திருக்கும்.

ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கிறது? வெளியில் நின்றபடியே ஒரு பார்வை. "பீடிங் போயிடுச்சு சார்." கண்ணாடி ஓரத்தில் சிலிக்கானைப் பிதுக்கி விரலால் ஒரு இழுப்பு. கையில் பில். அடுத்த மழைக்கு மறுபடியும் அதே தண்ணீர், அதே இடத்தில். வேறு ஒர்க் ஷாப்புக்குப் போனால் பழைய சிலிக்கானின் மேல் புது சிலிக்கான். கார் ஒழுகுவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். தேடிப் பார்க்காமலேயே பூசுகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

தண்ணீர் நிற்கும் இடத்துக்கு நேர் மேலேயே அது நுழைந்திருக்கும் என்று யார் சொன்னது? தகட்டு மடிப்பைப் பிடித்துக்கொண்டு ஓடும், வயர்க் கட்டின் மேல் ஊர்ந்து வரும், பள்ளம் கண்ட இடத்தில் தேங்கும். வைப்பருக்குக் கீழே கறுப்பு பிளாஸ்டிக்கில் சல்லடை போட்ட மூடி இருக்கிறதே, கண்ணாடியில் விழும் மழையெல்லாம் அதற்குள்தான் இறங்குகிறது. ஓரத்துத் துளைகள் வழியாக அது கீழே வடிந்துவிட வேண்டும். காரைப் புளியமரத்தடியில் நிறுத்துகிற ஊர் இது. வேறு இலை என்றால் சல்லடையிலேயே தங்கிவிடும். புளிய இலை பொடிசு, தாராளமாக உள்ளே போய்விடும். அங்கேயே மக்கிக் கரும்சேறாகித் துளையை அடைத்துக்கொள்ளும். தேங்கிய தண்ணீர் மட்டம் ஏறி, ஏசி ப்ளோவர் வெளிக்காற்றை இழுக்கும் வாய் வழியாகக் காருக்குள் இறங்கிவிடும். பெரும்பாலான கார்களில் அந்த ப்ளோவர் இடது பக்கம்தான்.

இது ஒரு வழி. அறுவடை முடிந்து வயல் எலி வீட்டுப் பக்கம் வந்தால், எஞ்சின் பக்கமிருந்து வயர் உள்ளே போகும் துளையின் ரப்பரைக் கடித்துவிடும். ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்தாலும் இதே இடம்தான் நனையும். மழையே இல்லாத நாளிலும் நனைகிறதா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். அந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

மழையில் நிறுத்திவைக்கும் சிறு விமானங்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. 1955-இல் முதன்முதலாகப் பறந்து, இன்றும் பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172-இல்கூட முன்கண்ணாடி ஓரத்திலும், இறக்கை உடலோடு சேரும் இடத்திலும், கதவு ரப்பரிலும் தண்ணீர் நுழையும். அடியில் தேங்கினால் அலுமினியம் அரித்துவிடும். அதனால் அங்கே விரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் விடமுடியாது. காரில் மட்டும் அலட்சியம் ஏன்? இங்கேயும் அந்தக் கார்ப்பெட்டுக்கு அடியில்தான் வயர் இணைப்புகள் போகின்றன. பல கார்களில் ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டியும் நடுவில் தரையோடு தரையாக இருக்கிறது.

கடைசியில் நாங்களே இறங்கினோம். கார்ப்பெட்டை மடக்கி, தகட்டைத் துடைத்துக் காயவைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினோம். அக்கா மகன் டார்ச்சோடு உள்ளே குனிந்துகொண்டான். நான் வெளியே ஹோஸைப் பீய்ச்சாமல், மெதுவாக ஓடவிட்டு, கீழிருந்து மேலே கொஞ்சம் கொஞ்சமாகப் போனேன். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து எதுவும் தெரியாது. வைப்பர் மூடிக்கு அடியிலிருந்த சேற்றை முன்பே வாரி எடுத்திருந்தோம். ஆனாலும் கதவுக் கண்ணாடிக்குத் தண்ணீர் ஏறியதும், "மாமா, நிறுத்துங்க, வருது!" என்று கத்தினான். பவுடரில் கதவோரத்திலிருந்து ஒற்றைக் கோடு.

கதவின் உள் அட்டையைக் கழற்றினோம். கண்ணாடியோடு இறங்கும் தண்ணீர் காருக்குள் வராமலிருக்க, உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருப்பார்கள். ஸ்பீக்கர் மாட்டிய கை அதைக் கிழித்துவிட்டு, மறுபடி ஒட்டாமலே அட்டையை அடித்து மூடியிருக்கிறது. முன்கண்ணாடியைச் சுற்றிப் பூசிய சிலிக்கானுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சர்வீஸுக்கு விட்டால் ஆயில் மாற்றுகிறார்கள், ஏர் ஃபில்டர் தட்டுகிறார்கள். வைப்பர் மூடியைக் கழற்ற சில நட்டும் கிளிப்பும்தான். கதவின் அடியில் உள்ள வடிகால் துளையில், வைக்கோல் தூசும் மண்ணும் அடைத்திருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்க்க ஒரு நிமிடம். புரட்டாசியிலேயே இதைச் செய்து கொடுங்கள் என்று கேட்டால், "அது லிஸ்ட்ல இல்லையே சார்" என்கிறார்கள். லிஸ்டில் சேருங்கள். காரோடு கொடுக்கிற அந்தத் தடிப் புத்தகத்தில், வடிகால் துளைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரே ஒரு படம் போட்டுக் கொடுங்கள்.