அஞ்சல் பெட்டியை வீட்டுக்குள் வைக்கலாமா?



கல்விக் கணக்குகளுக்கு அளவில்லாத சேமிப்பிடம் தந்துவந்த கூகுள், 2022-இல் ஒரு நிறுவனம் முழுவதற்கும் 100 டெராபைட் என்று வரம்பு வைத்தது. அதிலிருந்து "நம் சர்வரை நாமே வைத்துக்கொள்ளலாமே" என்ற பேச்சு சிறிய கல்லூரிகளிலும் கேட்கிறது. அப்படி வைத்துப் பார்த்த ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகத்தைக் கவனித்தவன் நான்.

இணையதளத்தில் பெரிய சிக்கல் இல்லை. பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டோம், ஓடியது. மின்னஞ்சல்தான் படுத்தி எடுத்தது. நேர்முகத் தேர்வுக்கு அழைத்து அனுப்பிய கடிதங்கள் மாணவர்களின் ஸ்பேம் பெட்டிக்குள் போய் விழுந்தன. அஞ்சல் உண்மையில் எங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளைச் சேர்த்து, எங்கள் ஐபி முகவரிக்கு உரிய பெயரைக் காட்டும் தலைகீழ் டிஎன்எஸ் பதிவு கேட்டு இணைப்பு தந்த நிறுவனத்துக்கு நடையாய் நடந்தேன். எல்லாம் சரியான பிறகு, ஒரு மாணவரின் கடவுச்சொல் திருடுபோய் இரவு முழுக்க விளம்பர அஞ்சல் பறந்தது. விடிவதற்குள் எங்கள் முகவரி கறுப்புப் பட்டியலில்!

இரவிலும் விடுமுறையிலும் கவனிக்க இரண்டு பேராவது இல்லாத கல்லூரி மின்னஞ்சலைத் தொடாமலிருப்பதே நல்லது. தளத்தைத் தாராளமாகச் சொந்தமாக நடத்தலாம். ஆனால் டொமைன் பெயர் யார் கையில் இருக்கிறது? ஏசி.இன் முகவரிகளை எர்நெட் இந்தியா பதிவு செய்கிறது. அங்குள்ள கல்லூரிக் கணக்கின் கடவுச்சொல் தளம் வடிவமைத்துத் தந்த ஒப்பந்தக்காரரிடம் மட்டும் இருந்தால், முதல்வர்கள் அதை இந்த வாரமே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
திருநெல்வேலி