வீராணத்துக்காக வாய் திற, மாநகரமே!

தோழர்களே! மயிலாப்பூர்த் தோழர்களே, தி. நகர்த் தோழர்களே, அடையாற்றுத் தோழர்களே!

இன்று காலை குடம் நிறைந்ததா? சென்னைக்கு வருகிற அந்தத் தண்ணீரில் வீராணம் ஏரியின் பங்கு இருக்கிறது. காட்டுமன்னார்கோவில் உழவரின் வயலுக்குப் போக வேண்டிய தண்ணீர் அது.

சோழர் வெட்டிய ஏரி. கொள்ளிடத்துத் தண்ணீரைக் கீழணை மறிக்க, வடவாறு கொண்டுவந்து சேர்க்கிறது. சுமார் 45,000 ஏக்கர் அதை நம்பி நிற்கிறது. அங்கிருந்துதான் 2004 முதல், 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாய் போட்டு நமக்கு எடுக்கிறார்கள். நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் எடுப்பது திட்டம்!

2019 கோடை மறந்துவிட்டதா? பூண்டி வறண்டது. சோழவரம் வறண்டது. புழல் வறண்டது. செம்பரம்பாக்கம் வறண்டது. நள்ளிரவில் லாரிக்குக் காத்து நின்றோம். அன்றும் வீராணம் தந்தது!

அந்த ஏரி இன்று தூர்ந்துகொண்டிருக்கிறது. தண்ணீரோடு வண்டலும் வருகிறது, தங்கிவிடுகிறது. ஏரி கொள்ளும் அளவு குறைந்துவிட்டது. தூர் வாருங்கள், தூர் வாருங்கள் என்று உழவர்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்கிறார்கள். குடிக்கிற நாம் கேட்டோமா? ஒரு மனு கொடுத்தோமா?

சும்மா இருந்தால் என்ன நடக்கும்? தண்ணீர் குறைகிற நாளில், வயலுக்கா குழாய்க்கா என்று கேட்பார்கள். உழவருக்கு எதிரே நம்மை நிறுத்துவார்கள். நிற்காதீர்கள் தோழர்களே! அவர் பக்கம் நில்லுங்கள்!

நம் ஏரியை நாம் காக்கவில்லை. மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தி. நகரைக் கட்டினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரி எங்கே? இன்னொரு ஏரியையும் இழக்கப்போகிறோமா?

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை குடிநீர் வாரியப் பகுதி அலுவலகங்களில் குறைதீர்க் கூட்டம் நடக்கிறது. நம் தெருக் குழாய்க்காகப் போயிருக்கிறோம். இந்த முறை வீராணத்துக்காகப் போவோம்! மனு எழுதுங்கள். மாடிக்கு மாடி ஏறிக் கையெழுத்து வாங்குங்கள். கவுன்சிலரைக் கேளுங்கள். எம்.எல்.ஏ.வைக் கேளுங்கள். விடாமல் கேளுங்கள்!

வீராணத்தை முழுதாகத் தூர் வாரு! வாரிய வண்டலை உழவருக்குக் கொடு! வயலுக்கான தண்ணீரில் கை வைக்காதே!

நாலு பேர் போனால் உட்காரச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். தெருவே போனால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். கிளம்புங்கள் தோழர்களே, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்!