உத்தியோக நேர்காணலில் கேட்கத் தகுவன

பென்னாகரத்துப் பக்கமிருந்து வேலை தேடிச் செல்லும் நம் மாணவிகளை, "விவாகம் எப்பொழுது?" என்று இன்றும் வினவுகின்றனர். இது பழைய வினாவேயாம். 1951ஆம் ஆண்டில் இந்திய ஆட்சிப் பணியிற் சேர்ந்த அன்னா ராஜம் ஜார்ஜ் அம்மையாரை, பெண்டிர்க்கு வேறு பணிகளே ஏற்றவை என்று சொல்லித் தேர்வுக் குழுவினர் திருப்ப முயன்றனர். மணம் புரியின் வேலை போம் என்று நியமன உத்தரவிலும் எழுதப்பட்டிருந்தது. அவ்வம்மையாரோ வாதாடிச் சென்னை ராஜ்யத்துப் பணியை ஏற்று, ஓசூரில் சப்கலெக்டராய் அமர்ந்தார். ஓசூரும் பென்னாகரமும் அந்நாளில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தவை. அவ்விதி சில ஆண்டுகளில் நீங்கிற்று, வினா நீங்கவில்லை.

தந்தையின் தொழிலை வினவுவதும் ஊரைத் துருவுவதும் இவ்வகையே. பின்னது பெரும்பாலும் சாதியை அறியும் தந்திரம். "நும் குறை யாது?" என்பாரும் உளர். அதற்கு மனப்பாட விடையன்றி வேறு யார் தருவர்?

செய்யவிருக்கும் வேலையைப் பற்றியன்றோ வினவல் வேண்டும்! ஒகேனக்கல்லில் சுற்றுலாப் பணிக்கு வந்தவரை, "காவிரியில் நீர்வரத்து பெருகுகின்றது, பரிசலுக்குக் கூட்டம் காத்து நிற்கின்றது, நிறுத்தினால் ஓட்டிகள் அன்றைக் கூலியை இழப்பர், யாது செய்வீர்?" என்று கேட்கலாம். எல்லாரிடமும் அதே வினாவைக் கேட்டு, விடைக்குரிய மதிப்பெண்ணை முன்னரே குறித்து வைத்தல் நலம். வந்தவர் சம்பளத்தையும் வேலை நேரத்தையும் திருப்பி வினவினால், அதனைத் துடுக்கென்று கொள்ளற்க.