கைப்பைக்குள் ஒரு ரிவால்வர்

சில வருஷங்களுக்கு முன்பு நான் எழுதிய தொடர்கதை ஒன்றில், கதாநாயகி தன் கைப்பையைத் திறந்து சின்னஞ்சிறு பிஸ்டல் ஒன்றை எடுத்தாள். அதன் உருளையை ஒரு சுழற்றுச் சுழற்றினாள். வில்லனைப் பார்த்துச் சுட்டாள். அவன் சப்தமில்லாமல் சரிந்து செத்தான். நானும் ‘தொடரும்’ போட்டுவிட்டு நிம்மதியாகக் காப்பி சாப்பிடப் போனேன்.

அந்த வாரம் வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே பாராட்டு. ஒரே ஒரு தபால் கார்டு மட்டும் வேறு ஜாதி. எழுதியவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“ஐயா, உருளை என்பது ரிவால்வருக்கு உண்டு. பிஸ்டலுக்குக் கிடையாது, அதற்குக் கைப்பிடிக்குள் தோட்டாக் கூடு. தங்கள் கதாநாயகி வைத்திருந்தது எது? தோட்டா என்ன அளவு? கடைசியாக அதை எப்போது சுட்டுப் பார்த்தாள்? சீப்பும் சாவிக்கொத்தும் கிடக்கிற பையில் உறை இல்லாமலா போட்டு வைத்திருந்தாள்?”

கதை எழுதுகிறவனிடம் தோட்டாக் கணக்குக் கேட்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. கோபம் ஆறின பிறகு வெட்கம் வந்தது. அதன் பிறகுதான் படித்தேன். படித்ததில் எனக்கு உண்டான அபிப்பிராயத்தை ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன்: சுபேதாரின் நாலு கேள்விகளுக்கும் பதில் தெரியாமல் கதாபாத்திரத்தின் கையில் துப்பாக்கியைக் கொடுக்கிற எழுத்தாளன் பொய்ச் சாட்சி சொல்கிறவன். நான் சொல்லியிருக்கிறேன். என் சக எழுத்தாளர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் குற்றத்தில் நமக்கு முன்னோடி சாமானியமானவர் அல்ல. ஜேம்ஸ் பாண்டைப் படைத்த இயான் ஃபிளெமிங்குக்கு 1956-ல் கிளாஸ்கோவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஜெஃப்ரி பூத்ராய்ட், துப்பாக்கி விஷயம் தெரிந்த வாசகர். பாண்ட் வைத்திருக்கும் .25 அளவு பெரெட்டா பெண்பிள்ளைகள் வைத்துக்கொள்கிற சாமான் என்பது அவர் புகார். அதற்குப் பதில் அவர் சிபாரிசு செய்தது .38 அளவில் ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனியின் சென்டினியல் ரிவால்வர். காரணமும் சொன்னார். அதில் சுத்தி உள்ளே மறைந்திருக்கும். உருவும்போது சட்டையில் மாட்டாது. எவ்வளவு சாதாரணமான காரணம் பாருங்கள்! வீரம் இல்லை, அழகு இல்லை. சட்டையில் மாட்டக் கூடாது, அவ்வளவுதான்.

ஃபிளெமிங் பெரிய மனுஷர். கடிதத்தை மதித்தார். 1958-ல் வந்த ‘டாக்டர் நோ’வில் பூத்ராய்டையே மேஜர் ஆக்கி, பாண்டிடமிருந்து பெரெட்டாவைப் பிடுங்கச் செய்தார். ஆனால் பாண்டின் இடுப்புக்கு வந்தது வால்தர் பிபிகே பிஸ்டல். அதோடு ரிவால்வருக்கென்றே செய்த உறை ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். பிஸ்டல் ஒன்று, உறை வேறொன்று! நிபுணரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இப்படி என்றால் நம் கதி என்ன? அப்புறம் சினிமா வந்தது. வால்தர் பிபிகே உலகத்துக்கே மந்திரச் சொல் ஆயிற்று. இங்கே ஜெய்சங்கருக்குத் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்று பட்டமே கட்டினோம்.

இனிக் கதை அல்ல, நடந்தது. 1974 மார்ச் 20-ந் தேதி இரவு, லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போகிற சாலையில் இளவரசி ஆனின் காரை ஒருவன் மறித்தான். மெய்க்காவலர் ஜேம்ஸ் பீட்டன் துப்பாக்கியை உருவினார். அதே வால்தர் பிபிகே. முதல் குண்டு குறி தவறியது. அடுத்தது வெளியே வரவே இல்லை; பிஸ்டல் சிக்கிக்கொண்டது. பீட்டன் மொத்தம் மூன்று குண்டுகளை உடம்பில் வாங்கிக்கொண்டார். பிழைத்தார், ஜார்ஜ் கிராஸ் விருதும் பெற்றார். மெய்க்காவல் பணியிலிருந்து அந்தப் பிஸ்டலை எடுத்துவிட்டார்கள். பாண்டின் கையில் அது சிக்கவே இல்லை. எப்படிச் சிக்கும்? எழுதுகிறவனுடைய பேனா சிக்கினால்தானே!

அமெரிக்காவில் சட்டைக்குள் துப்பாக்கியோடு கடைக்குப் போவது பல ஊர்களில் சட்டப்படி சரி. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் அதற்கு அனுமதிச் சீட்டுகூட வேண்டாம். 2022-ல் அவர்களுடைய சுப்ரீம் கோர்ட், தக்க காரணம் காட்டினால்தான் அனுமதி என்ற நியூயார்க் சட்டத்தையும் செல்லாது என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கம் எனக்குச் சம்மதமில்லை. அது வேறு சண்டை. ஆனால் அங்கே விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிற புத்திமதியைப் படித்தபோது ஆச்சரியப்பட்டேன். தையல் மிஷின் வாங்குகிறவனுக்குச் சொல்வதுபோல் சொல்கிறார்கள். சின்னதாக, லேசாக இருக்கிறதே என்று வாங்காதே. ஒரே தோட்டாவுக்கு, லேசான துப்பாக்கிதான் கையை அதிகமாக உதைக்கும், குட்டைக் குழாயில் குறி பிசகும். விசையை மூடுகிற கெட்டியான உறை வேண்டும். பைக்குள் பஞ்சும் தூசியும் சேரும், துடைத்து வை. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தத் தோட்டாவைப் போட்டுக்கொண்டு வெளியே போகப் போகிறாயோ அதே தோட்டாவை, அதே துப்பாக்கியில், நூறு இருநூறு தடவை சிக்காமல் சுட்டுப் பார். அதற்கு முன்னால் அதை நம்பாதே.

தோட்டா விஷயத்தில் அவர்கள் பட்ட பாடு தனி. முனையில் குழிவிட்ட குண்டு உடம்பில் புகுந்ததும் விரிந்து வேகம் இழக்கும், மறுபக்கம் போய் வழிப்போக்கனைத் தைக்காது என்பது அதற்குச் சொல்லும் நியாயம். 1986 ஏப்ரல் 11-ந் தேதி மயாமியில் எஃப்பிஐ ஆட்கள் எட்டுப் பேர் இரண்டு கொள்ளைக்காரர்களை மடக்கினார்கள். ஆரம்பத்திலேயே ஒரு 9 மில்லிமீட்டர் குண்டு ஒருவனுடைய கையைத் துளைத்து, மார்புக்குள் போய், இருதயத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. பிழைக்க முடியாத காயம்தான். ஆனால் அவன் உடனே விழவில்லை. சுட்டுக்கொண்டே இருந்தான். சண்டை ஓய்ந்தபோது எஃப்பிஐ தரப்பில் இரண்டு பேர் செத்திருந்தார்கள், ஐந்து பேருக்குக் காயம். அதற்குப் பிறகுதான் கூழ்க்கட்டியில் சுட்டு, குண்டு 12 அங்குலத்துக்குக் குறையாமல், 18-க்கு மேல் போகாமல் இறங்க வேண்டும் என்று அளவு வைத்தார்கள். 9 மில்லிமீட்டரை விட்டு 10-க்குப் போனார்கள், பிறகு .40-க்கு, கடைசியில் சுமார் முப்பது வருஷம் கழித்து 9-க்கே திரும்பி வந்தார்கள். தோட்டா தேறியிருந்தது என்பது ஒரு காரணம். உதைப்பு குறைந்தால் மனுஷன் நன்றாகச் சுடுகிறான் என்பது இன்னொன்று.

இருதயத்துக்கு அருகில் குண்டு பாய்ந்தவன் எழுந்து நின்று சுடுகிறான். என் வில்லனோ ஒரு முனகல்கூட இல்லாமல் செத்தான்!

இதெல்லாம் கதைக்காரர்களின் வீட்டுச் சண்டையாகவே இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 2014-ல், டில்லிக் கொடுமை நடந்து ஓராண்டு சொச்சத்தில், கான்பூர் அரசுத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்று ஒரு ரிவால்வரை வெளியிட்டது. நிர்பயா என்ற பெயருக்கும் இதற்கும் ஒரே அர்த்தம்: பயமற்றவள். பெண்களுக்கென்றே செய்தது. அரைக் கிலோ எடை, .32 அளவு, விலை 1,22,360 ரூபாய். நகைப் பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். பெண்கள் நகை விரும்பிகள் அல்லவா!

பூத்ராய்ட் பாண்டிடமிருந்து எதைப் பிடுங்கச் சொன்னாரோ அதே ‘பெண்பிள்ளைச் சாமான்’ என்ற எண்ணத்தை நாம் பெண்களிடமே விலைக்குக் கொடுத்தோம். .32 என்ற அளவு கூழ்க்கட்டியில் சுட்டுத் தேர்ந்தெடுத்தது அல்ல. 9 மில்லிமீட்டரும் .38-ம் தனி மனிதருக்கு விலக்கு என்று இங்கே விதி. மிச்சம் இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். விதியை நான் குறை சொல்லவில்லை. 1959 ஆயுதச் சட்டம் கடுமையாக இருப்பது எனக்குச் சம்மதமே. ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு பெண் மனுப் போட்டு, போலீஸ் விசாரணை முடிந்து, லைசென்ஸ் வாங்கி, லட்சத்துக்கு மேல் பணமும் கட்டிவிட்டாள் என்றே வையுங்கள். தோட்டாவுக்கு ஆண்டுக்கு இத்தனை என்று வரம்பு. பழகிப் பார்க்கச் சுடுதளம் எத்தனை ஊரில் இருக்கிறது? இருநூறு தடவை சுட்டுப் பார் என்கிற அந்தப் புத்திமதியை அவள் எங்கே போய் நிறைவேற்றுவாள்? சுட்டுப் பார்க்காத துப்பாக்கியைப் பையில் வைத்துக்கொண்டு, ராத்திரி வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறாள். அவளுக்கு யார் சொன்னது, எடுத்தால் போதும் எதிரி விழுவான் என்று? நான் சொன்னேன். வாரா வாரம், ஓவியர் படத்தோடு.

லட்ச ரூபாய் கொடுக்க முடியாத பெண் எப்படிப் பயமற்றவள் ஆவாள் என்று அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் சொல்லவில்லை. பஸ் நேரத்துக்கு வருவதும், தெருவிளக்கு எரிவதும், ஸ்டேஷனில் புகாரை எழுதிக்கொள்வதும் நகைப் பெட்டியில் வைத்து விற்கிற சரக்கல்ல போலிருக்கிறது.

தொடர்கதை புத்தகமானபோது அந்த அத்தியாயத்தைத் திருத்தினேன். பிஸ்டலை எடுத்துவிட்டேன். கதாநாயகி வில்லனுடைய கையைக் கடித்துவிட்டு, கத்திக்கொண்டே வெளிச்சமான கடைத்தெருவை நோக்கி ஓடினாள். ‘சப்பென்று இருக்கிறது’ என்று பலர் எழுதினார்கள். பதிப்பாளருக்கும் முகம் கோணியது. சுபேதாருக்கு ஒரு பிரதி அனுப்பிவைத்தேன். பத்து நாளில் கார்டு வந்தது.

“ஐயா, ஓடியது சரி. ஆனால் போன பக்கத்தில் அவள் குதி உயர்ந்த செருப்பு போட்டிருந்தாள். அதை எப்போது கழற்றினாள்?”