ஆர்டர் வந்தால் மெஷின் வருமா?

திருப்பூரில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. முதலில் ஆர்டர், அப்புறம்தான் மெஷின். கையில் ஆர்டர் இல்லாமல் நாலு ஓவர்லாக் மெஷினை வாங்கிப் போட்டவரை ஊரே பரிதாபமாகப் பார்க்கும். ஆர்டர் வந்த பிறகும் மெஷின் வாங்காமல், ஜாப் ஒர்க்குக்கு வெளியே கொடுத்துத் தைத்து வாங்குகிறவரை, 'விவரமான ஆளுப்பா' என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள்.

இந்தச் சட்டத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வீடியோ கேம் உலகத்தில் வைத்துப் பாருங்கள். கச்சிதமாகப் பொருந்தும். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ என்று டி.வி.யில் மாட்டுகிற பெட்டிகள் இருக்கின்றனவே, அவைதான் மெஷின். மாரியோ, டெட்ரிஸ், ஜி.டி.ஏ. எல்லாம் ஆர்டர். ஒரு ஆட்டம் பிரபலமானால் அதற்காகப் பெட்டி விற்குமா? பெரிய பெரிய கம்பெனிகள் இந்தக் கேள்வியை நம்பிக் கோடிகளைக் கொட்டியிருக்கின்றன. நாம் கொட்டப்போவது மாதச் சம்பளத்தில் ஒரு தவணை. அவர்களுக்குப் போனால் கோடி, நமக்குப் போனால் பாதிச் சம்பளம். யாருக்கு வலி ஜாஸ்தி என்று நீங்களே சொல்லுங்கள்.

முதலில் 'விற்கும்' கட்சி பேசட்டும்.

1978ல் ஜப்பானின் டைட்டோ கம்பெனி 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்று ஒரு ஆட்டம் கொண்டு வந்தது. மேலேயிருந்து வேற்றுக்கிரகப் பூச்சிகள் வரிசை வரிசையாக இறங்கும், கீழேயிருந்து சுட வேண்டும். கதை அவ்வளவுதான். கடையில் காசு போட்டு ஆடுகிற ஆட்டம். 1980ல் அமெரிக்காவின் அட்டாரி கம்பெனி இதைத் தன் வீட்டுப் பெட்டிக்குக் கொண்டு வந்தது. 1977லிருந்து சுமாராக ஓடிக்கொண்டிருந்த அந்தப் பெட்டி, அதற்கப்புறம் பிய்த்துக்கொண்டு போனது. ஆட்டத்துக்காகவே ஜனங்கள் பெட்டி வாங்கினார்கள்.

அடுத்தது 1989. கையடக்கமான 'கேம் பாய்' பெட்டியை அமெரிக்காவில் இறக்க நின்டெண்டோ தயாரானது. கூடவே எந்த ஆட்டத்தை வைத்துக் கொடுப்பது? மாரியோ தங்கள் வீட்டுப் பிள்ளை, அதைத்தான் கொடுப்பார்கள் என்று தோன்றும். ஹென்க் ரோஜர்ஸ் என்பவர், நின்டெண்டோவின் அமெரிக்கத் தலைவர் அரகாவாவிடம் வேறு யோசனை சொன்னார். மாரியோவை வைத்தால் சின்னப் பையன்கள் வாங்குவார்கள், டெட்ரிஸை வைத்தால் எல்லாரும் வாங்குவார்கள் என்பது அவர் வாதம். வாதம் ஜெயித்தது. கேம் பாய், அதன் கலர் தம்பியையும் சேர்த்து, 11 கோடிக்கு மேல் விற்றது.

டெட்ரிஸ், மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் 1984ல் உருவாக்கியது. மேலேயிருந்து விழுகிற கட்டைகளைச் சந்து இல்லாமல் அடுக்க வேண்டும். நம்ம ஊர் கட்டிங் மாஸ்டர், துணி வீணாகாமல் கையையும் கழுத்தையும் நெருக்கி நெருக்கி வைத்துக் கோடு போடுவாரே... அதே வேலைதான். அவருக்குச் சம்பளம் கிடைக்கிறது. நமக்குக் கண் எரிச்சல்.

கம்பெனிகள் ஏன் ஆட்டத்துக்காக இப்படி அலைகின்றன? பெட்டியில் பல சமயம் லாபமே கிடையாது. 2006ல் சோனி, பிளேஸ்டேஷன் 3ஐத் தயாரிப்புச் செலவைவிடக் குறைந்த விலைக்குத்தான் விற்றது. அப்புறம் விற்கிற ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பங்கு எடுத்து, விட்டதைப் பிடிப்பார்கள். நமக்கு இது புதுசா என்ன? அதே 2006ல் தமிழ்நாட்டில் கலர் டி.வி. இலவசமாக வந்தது. கேபிள்காரருக்கு மாதாமாதம் காசு கொடுத்தது யார்? நாம்தான்.

சரி, இப்போது 'விற்காது' கட்சி. இவர்களிடம் ஒரே ஒரு சாட்சிதான் இருக்கிறது. ஆனால் அசைக்க முடியாத சாட்சி.

2012ல் நின்டெண்டோ 'வீ யூ' என்றொரு பெட்டி விட்டது. 2014 மே மாதம் அதற்கு 'மாரியோ கார்ட் 8' வந்தது. அருமையான ரேஸ் ஆட்டம். அதை ஆடினவர்கள் கொண்டாடினார்கள். பெட்டி விற்பனை கொஞ்சம் நிமிர்ந்தது, மறுபடி படுத்துவிட்டது. 84 லட்சம் பேருக்கு மேல் ஆட்டத்தை வாங்கியும், பெட்டி தன் ஆயுசு முழுக்க விற்றது ஒரு கோடியே 35 லட்சம்தான். அதற்கு முந்தின 'வீ' 10 கோடிக்கு மேல் விற்ற வீடு அது!

2017ல் நின்டெண்டோ 'ஸ்விட்ச்' என்று வேறு பெட்டி கொண்டு வந்தது. டி.வி.யிலும் மாட்டலாம், பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸிலும் ஆடலாம். அதே மாரியோ கார்ட் 8ஐக் கொஞ்சம் பாலிஷ் போட்டு அதில் விட்டார்கள். ஆறு கோடிக்கு மேல் விற்றது. பெட்டியோ 15 கோடியைத் தாண்டியது.

ஒரே ஆட்டம். ஒரு பெட்டியைத் தூக்கி நிறுத்த முடியவில்லை, இன்னொன்றில் கொடிகட்டிப் பறந்தது. வித்தியாசம் எங்கே? வீ யூவுக்கு மாரியோ கார்ட்டைத் தாண்டி ஆட்டங்கள் குறைவு. அது புதுப் பெட்டியா, பழைய வீயோடு சேர்த்து மாட்டுகிற உதிரி பாகமா என்று கடைசிவரை பல பேருக்குப் புரியவில்லை. ஸ்விட்சுக்கு அடுத்தடுத்து ஆர்டர் இருந்தது. ஒரு ஆர்டர் மெஷினை வாசல்வரை கொண்டு வரும். மெஷின் ஓடுவதற்கு இரண்டாவது ஆர்டர் வேண்டும்.

இப்போது நம்ம ஊர்.

எங்கள் மடத்துக்குளம், உடுமலைக்கும் பழனிக்கும் நடுவே அமராவதித் தண்ணீரில் வாழ்கிற ஊர். கரும்பு, தென்னை, பேப்பர் மில். இந்த மாதிரி ஊர்களில் ஆசை வந்தால் ஜனங்கள் உடனே வாங்க மாட்டார்கள். முதலில் வாடகைக்குக் கிடைக்குமா என்று பார்ப்பார்கள்.

1980களின் டெக் வாடகை ஞாபகம் இருக்கிறவர்கள் கை தூக்கலாம். ஒரு டி.வி., ஒரு டெக், மூன்று கேசட். ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று பேச்சு. தெருவே பாய் விரித்து உட்காரும். முதல் படத்துக்குக் கூட்டம், இரண்டாவது படத்துக்குக் கொட்டாவி, மூன்றாவது படம் முடியும்போது விழித்திருப்பது டெக் கடையிலிருந்து கூட வந்த பையன் மட்டும்தான். படம் எவ்வளவு பெரிய ஹிட்டானாலும் தெருவில் புதுசாக ஒரு டெக் வந்துவிடாது. கடைக்காரருக்குத்தான் இரண்டாவது டெக் வந்தது.

டி.வி. கதை வேறு. 1982 நவம்பர் டில்லி ஆசிய விளையாட்டை ஒட்டி நாட்டில் கலர் டி.வி. வந்தது. 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தூர்தர்ஷனில் 'ராமாயணம்' ஓடியது. ஹிந்தி தெரியாத பாட்டிகூட சீதைக்காக அழுதாள். அடுத்த வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தவர்கள் சொந்தமாக டி.வி. வாங்கினார்கள். ராமாயணம் முடிந்த பிறகு அந்த டி.வி. சும்மா கிடந்ததா? வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' இருந்தது, ஞாயிற்றுக்கிழமை படம் இருந்தது, கிரிக்கெட் இருந்தது. ராமர் போன பிறகும் ஆர்டர் நிற்கவில்லை.

1990களில் வந்த 'டி.வி. கேம்' பெட்டிக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. 1983ல் ஜப்பானில் நின்டெண்டோ விட்ட ஃபேமிகாம் பெட்டியைப் பார்த்துக் காப்பியடித்தவை இவை. மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர். மாரியோவும் கான்ட்ராவும்தான் இவற்றை விற்றுக் கொடுத்தன. ஆனால் நின்டெண்டோவுக்கு இதில் ஒரு பைசா போகவில்லை. ஆட்டம் பெட்டியை விற்கும்தான். யாருடைய பெட்டியை என்பதற்கு கியாரண்டி கிடையாது! கேசட்டில் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் பத்துப் பதினைந்து ஆட்டம்தான் திரும்பத் திரும்ப வரும். அடாப்டர் சூடேறி ஒருநாள் உயிரை விடும். அப்புறம் பெட்டி பரணுக்குப் போகும். ஏனென்றால் மாரியோவைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது.

அடுத்த அலை பப்ஜி. 2018ல் போனுக்கு வந்தது. 2019 ஜனவரியில் மாணவர்களோடு பிரதமர் பேசிய கூட்டத்தில், ஒரு தாய் தன் மகனின் ஆன்லைன் விளையாட்டைப் பற்றிப் புலம்ப, 'பப்ஜி ஆளா?' என்று அவரே கேட்கிற அளவுக்குப் பரவியது. போன் கடைகளில் கேமரா எப்படி, பேட்டரி எப்படி என்பதெல்லாம் பின்னால் போய், 'பப்ஜி ஓடுமாங்க?' என்பதே முதல் கேள்வியானது. கவனியுங்கள். போன் வாங்குவது எப்படியும் நடந்திருக்கும். எட்டாயிரத்துக்கு வாங்க வந்தவரைப் பன்னிரண்டாயிரத்துக்கு நகர்த்தியதுதான் பப்ஜியின் வேலை.

2020 செப்டம்பர் 2ம் தேதி மத்திய அரசு பப்ஜியைத் தடை செய்தது. தவணையைத் தடை செய்யவில்லை! ஆட்டம் போன பிறகும் மாதம் பிறந்தால் காசு கட்ட வேண்டும். இருந்தாலும் யாரும் பெரிதாகக் கண்ணீர் விடவில்லை. அது கொரோனா சமயம். பப்ஜிக்காக வாங்கின போனில் தம்பி ஆன்லைன் கிளாஸ் கவனித்தான் (கவனித்ததாகச் சொன்னான்). அம்மா அதில் சமையல் வீடியோ பார்த்தாள். இரண்டாவது ஆர்டர் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

என் அக்கா மகன் ஒருத்தன் திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறான். 2025 தீபாவளிக்கு போனஸோடு ஊருக்கு வந்தான்.

"மாமா, பிளேஸ்டேஷன் ஒண்ணு எடுத்தரலாம்னு இருக்கறனுங்க."

"எதுக்கு மாப்ள?"

"ஜி.டி.ஏ. ஆறு வருதுங்க மாமா. அதுலயும் எக்ஸ்பாக்ஸுலயும்தான் மொதல்ல வருது."

"எப்ப வருது?"

"அடுத்த வருசம் மே 26."

"அதுக்கு இப்பவே எதுக்கு பெட்டி?"

"ஆபருங்க மாமா."

"சரி, மே மாசம் வரைக்கும் அதுல என்ன பண்ணுவே?"

கொஞ்சம் யோசித்தான். "யூட்யூப் பாக்கலாமுங்க."

"அதான் போன்லயே வருதே?"

"போன்ல சின்னதா வருதுங்க மாமா..."

அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். 2013ல் வந்த ஐந்தாம் பாகம் உலகம் முழுக்க 20 கோடிக்கு மேல் விற்ற ஆட்டம். ஆறாம் பாகத்துக்காகப் பெட்டி வாங்கக் காத்திருக்கிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் அவன் பேசின அடுத்த மாதமே அந்தக் கம்பெனி தேதியை 2026 நவம்பர் 19 என்று தள்ளிவிட்டது. முதலில் 2025 என்று சொன்னதை ஏற்கெனவே ஒருமுறை தள்ளியவர்கள்தான் அவர்கள். பாயர் ஷிப்மென்ட்டைத் தள்ளினால் மெர்ச்சண்டைசருக்கு எப்படி வயிற்றைக் கலக்கும் என்று அவனுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. அந்த ஐந்தாம் பாகம் முதலில் வந்தது பிளேஸ்டேஷன் 3லும் எக்ஸ்பாக்ஸ் 360லும். 2014ல் அடுத்த தலைமுறைப் பெட்டிகளுக்கும், 2015ல் கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது. அவசரப்பட்டுப் பழைய பெட்டி வாங்கினவர்கள், ஒரே வருஷத்தில் கடை வாசலில் நின்று பெருமூச்சு விட்டார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2ம் தேதி வந்தபோது விலை 49,990 ரூபாய். பன்னிரண்டு தவணை என்றால் மாதம் நாலாயிரத்துச் சொச்சம். புது ஆட்டம் ஒன்று நாலாயிரம், ஐயாயிரம் என்பது தனி. இதையே கேமிங் சென்டரில் போய் மணிக்கு நூறு ரூபாய் கொடுத்து ஆடுவதாக வைத்துக்கொண்டால், பெட்டி விலைக்கு 500 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு மணி நேரம் வீதம் 250 ஞாயிறு. கிட்டத்தட்ட ஐந்து வருஷம்! அதற்குள் கல்யாணம் ஆகி, ஞாயிற்றுக்கிழமை என்பதே நம் கையை விட்டுப் போயிருக்கும்.

அப்படியானால் வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்ல நான் யார்? தினமும் ராத்திரி இரண்டு மணி நேரம் ஆடுகிற ஆள், பத்து ஆட்டங்களின் பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற ஆள் தாராளமாக வாங்கலாம். அவருக்கு அந்த 500 மணி நேரம் எட்டே மாதத்தில் வசூலாகிவிடும். சினிமா தியேட்டருக்குக் கொடுப்பதைவிட மலிவு.

ஒரே ஒரு ஆட்டத்துக்காக வாங்குகிறவர் மட்டும் கடைக்குப் போவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். 'இந்த ஆட்டம் நாளைக்கே சலித்துப் போனால், அல்லது வராமலே தள்ளிப் போனால், வருகிற திங்கட்கிழமை இந்தப் பெட்டியில் நான் என்ன செய்வேன்?' இதற்கு இரண்டாவதாக ஒரு பதில் இருந்தால் பர்ஸைத் திறக்கலாம்.

பதில் வரவில்லையா? கவலையே வேண்டாம். உங்கள் நண்பர்களில் எவனாவது ஒருத்தன் கட்டாயம் வாங்கியிருப்பான். அவன் முகவரியை விசாரியுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், கையில் கால் கிலோ மிக்சரோடு அவன் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மெஷின் அவனுடையது, கரண்ட் அவனுடையது, தவணையும் அவனுடையது.

இதற்குத்தான் திருப்பூரில் ஜாப் ஒர்க் என்று பெயர்.