யார் அழித்தார்கள்?
2025 அக்டோபரில் அமேசானின் வடக்கு வர்ஜீனியா தரவு மையங்களில் டைனமோடிபி என்னும் தரவுத்தளச் சேவைக்கு வழிகாட்டும் டிஎன்எஸ் பதிவு வெறுமையாகிப்போனது. ஒரே பதிவைப் புதுப்பிக்கும் தானியங்கி நிரல்களில் ஒன்று பின்தங்கி, பழைய திட்டத்தைப் புதியதன் மேல் எழுதியது. மற்றொன்று அதைக் காலாவதியான திட்டமென்று துடைத்துவிட்டது. உலகெங்கும் செயலிகள் முடங்க, கடைசியில் மனிதர்கள்தான் கையால் சரிசெய்தார்கள். விண்டோஸ் சர்வர் ஓடும் சிறு அலுவலகத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. பழைய பதிவுகளைக் கழிக்கும் வசதியை இயக்கினால், இயல்பு அமைப்பில் 14 நாள் புதுப்பிக்கப்படாத தானியங்கிப் பதிவு அழிக்கப்படலாம். அப்படிப் பதிவு அழிந்து லாகின் ஆகவில்லை என்றதுமே சர்வரை ரீஸ்டார்ட் செய்கிறார்கள். அதுதான் எனக்குப் பெரிய கவலை. லாகினைக் கவனிக்கும் டொமைன் கன்ட்ரோலர் எழுந்ததும் தன் பதிவுகளைத் தானே மறுபடி எழுதிக்கொள்ளும். கோளாறு தீர்ந்ததாகத் தோன்றும், காரணம் புதைந்துபோகும். முதலில் என்எஸ்லுக்அப் கொண்டு ஒவ்வொரு டிஎன்எஸ் சர்வரையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றில் பதிவு இருந்து இன்னொன்றில் இல்லையென்றால், அவற்றுக்கிடையே பிரதி போய்ச் சேருகிறதா என்று பாருங்கள். எதிலுமே இல்லையென்றால், அழித்தது யாரென்று அறிய லாகைத் திறக்க வேண்டும். அழிப்பைப் பதிவுசெய்யும் லாக் இல்லாமல், தானாக அழிக்கும் வசதியை எந்த நெட்வொர்க்கிலும் இயக்கவே கூடாது.