கோப்பை வந்தது, கிளப் எங்கே?

1946ல் நுங்கம்பாக்கத்தில் பிறந்த ஒரு சின்ன கிளப், சென்னை லீக்கில் ஆடி வளர்ந்தது. பின்னால் சென்னை சிட்டி எஃப்.சி. என்று பெயர் மாற்றி 2016-17ல் ஐ-லீக்கில் நுழைந்தது. 2018-19ல் அகில இந்திய சாம்பியன்! பெட்ரோ மான்சி மட்டும் 21 கோல். ஆனால் பெயரில்தான் சென்னை; அந்த சீசனில் சொந்த மைதானம் கோவையில். 2021ல் உரிம விதிகளில் தேறாமல் ஐ-லீக்கை விட்டே போனது. கோப்பை காப்பாற்றவில்லை பாருங்கள்.

நம்ம மாமல்லபுரத்தில் எஃப்.சி. மெட்ராஸ் அகாடமி வந்திருக்கு. சந்தோஷம்தான். ஆனா, லேப் முடிஞ்சு பூட்ஸை மாட்டுறவன் எங்கே போவான்? செங்கல்பட்டு 2019ல் தனி மாவட்டமாச்சு. உள்ளூர் டீம்களுக்கு ஒழுங்கான மைதானமும், நிற்காம நடக்கிற லீக்கும் கேட்போம். ஃபாரின் பிளேயரெல்லாம் அப்புறம் வரட்டும்.